விளக்கின் சூடு எங்கே போகும்? வீட்டுக்குள் செடி வளர்க்கும் சிறிய இடத்தில் காற்றோட்டம்

அலமாரி ஒன்றிலோ, துணிக்கூடாரத்திலோ, மறைத்துக் கட்டிய அறை மூலையிலோ எல்இடி விளக்கைத் தொங்கவிட்டுச் செடி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் விளக்கைப் பற்றித்தான் நிறையப் படிக்கிறார்கள். அப்புறம் உரம். காற்றின் பக்கம் கவனம் திரும்புவது பெரும்பாலும் இலை சுருண்ட பிறகுதான். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் செடி மெதுவாக வளரும், அவ்வளவுதான். மூடிய சிறு இடத்தில் சூடு மிஞ்சினால் இளம் நாற்று ஒரே பகலில் வாடிப்போகலாம்.

இடம் எதுவாக இருந்தாலும் இங்கே அதைக் கூடாரம் என்றே சொல்கிறேன். அலமாரிக்கும் பெட்டிக்கும் கணக்கு ஒன்றுதான்.

எத்தனை வாட்டோ அத்தனை சூடு

எல்இடி விளக்கு சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். அதே வெளிச்சத்துக்குப் பழைய சோடியம் விளக்கைவிட எல்இடி குறைந்த மின்சாரம் எடுக்கும், அதனால் சூடும் குறைவு. அந்த அளவில் அது சரி. ஆனால் எடுக்கிற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் முடிகிறது. ஒரு பகுதி விளக்கின் பலகையிலும், மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவரிலும் நேரடியாகச் சூடாகிவிடும். மீதி வெளிச்சமாகக் கிளம்பி இலையிலும் மண்ணிலும் சுவரிலும் விழும். விழுந்த இடத்தில் உறிஞ்சப்பட்டுச் சூடாக மாறும். ஒளிச்சேர்க்கையில் செடி சேமித்துக்கொள்வது சில சதவீதம்தான். ஆகவே 200 வாட் விளக்கு தொங்கும் கூடாரத்துக்குள் 200 வாட் ஹீட்டர் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஓடும் சிறு விசிறி, தண்ணீர் பம்பு ஆகியவற்றின் வாட்டையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு எடுக்க வேண்டியது விளக்கு உண்மையில் இழுக்கும் வாட். "1000 வாட்டுக்கு இணையானது" என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். விவரத் தாளில் மின்நுகர்வு என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதுதான் வேண்டும்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கூடாரத்தின் வெப்பநிலை ஒரு கட்டத்துக்குமேல் ஏறாமல் நின்றுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அடியில் ஓட்டை உள்ள பானையில் குழாய்த் தண்ணீர் விழுவதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏற ஏற ஓட்டை வழியே வெளியேறும் வேகமும் கூடும். உள்ளே விழுவதும் வெளியே போவதும் சமமாகும் உயரத்தில் மட்டம் நிற்கும். கூடாரத்தில் விளக்குதான் குழாய். காற்று வெளியேறும் வழியும் துணிச்சுவரும் ஓட்டைகள். வெப்பநிலையைக் குறைக்க இரண்டே வழி: குழாயைக் கொஞ்சம் மூடுவது, அல்லது ஓட்டையைப் பெரிதாக்குவது.

சூட்டை வெளியேற்றும் விசிறி எவ்வளவு பெரியது வேண்டும்?

ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் வேண்டும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல், ஒரு மணி நேரத்துக்கு 3,600 ஜூல். 3,600-ஐ 1,200-ஆல் வகுத்தால் 3. இதிலிருந்து நினைவில் வைக்க எளிதான ஒரு சூத்திரம் கிடைக்கிறது:

3 × வாட் ÷ ஏற விடும் டிகிரி = மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று

'ஏற விடும் டிகிரி' என்பது, உள்ளே வரும் காற்றைவிடக் கூடாரம் எத்தனை டிகிரி அதிகமாக இருந்தால் பரவாயில்லை என்பது. 200 வாட் விளக்கு, 3 டிகிரி வரை சம்மதம் என்றால் 3 × 200 ÷ 3, அதாவது மணிக்கு 200 கன மீட்டர். 6 டிகிரி வரை போகலாம் என்றால் 100 போதும். ஒரே ஒரு டிகிரிதான் என்று பிடிவாதம் பிடித்தால் 600 வேண்டும். முதல் சில டிகிரியைக் குறைப்பது சுலபம். கடைசி டிகிரிக்காக விசிறியைப் பல மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கும், சத்தமும் அதற்கேற்பக் கூடும். 3 முதல் 4 டிகிரி வித்தியாசம் நியாயமான இலக்கு.

விசிறியின் அளவைச் சிலர் சிஎஃப்எம் என்று, அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று எழுதியிருப்பார்கள். அதை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கான கன மீட்டர் வந்துவிடும்.

கூடாரத்தின் கொள்ளளவை வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை காற்று முழுவதும் மாற வேண்டும் என்று சொல்லும் இன்னொரு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கூடாரத்தில் 2 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த விதிப்படி மணிக்கு 120 கன மீட்டர். ஆனால் அதே கூடாரத்தில் 100 வாட் விளக்கும் தொங்கலாம், 400 வாட் விளக்கும் தொங்கலாம். 3 டிகிரிக்குள் வைக்க முதலாவதற்கு 100 கன மீட்டர் போதும், இரண்டாவதற்கு 400 வேண்டும். கொள்ளளவை மட்டும் பார்க்கும் விதிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் வாட்டை வைத்துக் கணக்கிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு பொதுவாகக் குழாயோ ஃபில்டரோ பொருத்தாமல் அளந்தது. வாடைக்காகக் கார்பன் ஃபில்டர் மாட்டினால் காற்று கணிசமாகக் குறையும். குழாயில் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் தின்னும். மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் குழாயை முழுக்க இழுத்து விறைப்பாகப் பொருத்தாமல் தொங்கவிட்டால் இன்னும் மோசம். கணக்கில் வந்ததைவிட ஒன்றரை மடங்கு பெரிய விசிறியாக வாங்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே நல்லது. பெரிய விசிறி மெதுவாக ஓடும்போது எழும் சத்தம், சின்ன விசிறி முழு வேகத்தில் கத்துவதைவிடக் குறைவு. வெயில் காலத்துக்குக் கையிருப்பும் இருக்கும்.

விசிறியால் முடியாதது

இந்த விஷயத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: எக்ஸாஸ்ட் விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது, அதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. வருகிற காற்று 31 டிகிரி என்றால், எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும் விளக்கு எரியும் கூடாரத்தை விசிறியால் மட்டும் 31-க்குக் கீழே இறக்க முடியாது. மேலே போட்ட கணக்குப்படி அது 34-ல் நிற்கும்.

ஆகவே வெளியேறும் சூடான காற்று எங்கே போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கூடாரம் நிற்கும் அதே அறைக்குள் விட்டால், விளக்கின் 200 வாட்டும் அந்த அறையிலேயே தங்கும். 30 கன மீட்டர் கொண்ட சின்ன அறையின் காற்றை மட்டும் ஒரு டிகிரி ஏற்ற 200 வாட்டுக்குச் சுமார் 3 நிமிடம் போதும். சுவரும் தரையும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வதால்தான் அறை உடனே அடுப்பாக மாறுவதில்லை. ஆனால் கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் மணிக்கணக்கில் அறை மெல்ல ஏறும். அந்தக் காற்றையே உள்ளிழுக்கும் கூடாரம் அதற்கும் மேலே ஏறும். பெரிய விசிறிக்கு மாறியும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான். கதவைத் திறந்து வைத்தாலே வித்தியாசம் தெரியும். குழாயை ஜன்னல் வரை கொண்டுபோய் வெளியே விட்டு, மிச்ச இடைவெளியைப் பலகையால் அடைத்துவிட்டால் அறை சூடாவது பெருமளவு நின்றுவிடும்.

வெளியே விட வழியில்லையென்றால் பானை உவமையில் சொன்ன குழாயின், அதாவது விளக்கின், பக்கம் வாருங்கள். விளக்கு எரியும் நேரத்தை இரவுக்கு மாற்றுங்கள். செடிக்கு இருட்டும் வெளிச்சமும் ஒழுங்கான சுழற்சியில் கிடைத்தால் போதும்; வெளியே எப்போது பகல் என்பது கூடாரத்துக்குள் இருக்கும் செடிக்குத் தெரியாது. இரவுக் காற்று பகலைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும் இடங்களில் செலவே இல்லாத தீர்வு இது. டிரைவர் தனியாகக் கழற்றும் வகையில் இருந்தால் அதைக் கூடாரத்துக்கு வெளியே வைக்கலாம். அதில் வீணாகும் மின்சாரம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம், அந்தச் சூடு உள்ளே வராது. விளக்கில் மங்கலாக்கும் குமிழ் இருந்தால் கடும் வெயில் நாட்களில் கால் பங்கு குறைத்துவிடுங்கள். சூட்டில் தவித்துக்கொண்டு முழு வெளிச்சத்தில் நிற்பதைவிட, முக்கால் வெளிச்சத்தில் இதமாக நிற்கும் செடிதான் நன்றாக வளரும்.

அதற்கும் மேல் இறக்க வேண்டுமானால் ஏசிதான். ஏசியைக் கூடாரத்துக்குள் திணிக்காமல் அறையைக் குளிர்விப்பதே சரியான முறை, ஏனென்றால் கூடாரம் குடிப்பது அறைக் காற்றைத்தான். ஏசி ஓடும்போது கூடாரத்தின் எக்ஸாஸ்டை அறைக்குள்ளேயே விடுவதா, வெளியே விடுவதா என்று குழப்பம் வரும். வெளியே விட்டால், குளிர்ந்த அறைக் காற்றையும் சேர்த்து வெளியேற்றுவீர்கள்; அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து வெப்பக் காற்று இடுக்கு வழியே நுழையும். வெளியே மிகவும் சூடாக இருக்கும் நாட்களில் உள்ளேயே விட்டு, விளக்கின் சூட்டையும் சேர்த்து ஏசியைச் சுமக்கவிடுவது பெரும்பாலும் மேல்.

எங்கே நுழைந்து எங்கே வெளியேற வேண்டும்

சூடான காற்று மேலே போகும். ஆகவே வெளியேறும் வழி கூரைக்கு அருகிலும், நுழையும் வழி அதற்கு எதிர்ப்பக்கம் அடியிலும் இருக்கட்டும். அப்போது காற்று செடிகளின் ஊடே குறுக்காக ஏறி, விளக்கைத் தொட்டு வெளியேறும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வந்த காற்று வந்த வழியே போய்விடும், மூலையில் நிற்கும் செடிக்கு ஒன்றும் கிடைக்காது.

நுழைவாயிலில் விசிறி தேவையில்லை. வெளியேற்றும் விசிறி இழுக்கிற இழுப்பில் காற்று தானாக உள்ளே வரும். ஆனால் அந்த வாயில் வெளியேறும் குழாயின் பரப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர், எனவே அடியில் 350-க்குக் குறையாமல் திறந்திருக்கட்டும். துணிச்சுவர் லேசாக உட்பக்கம் குழிந்திருந்தால் எல்லாம் சரி. காற்று திறப்புகள் வழியே உள்ளேதான் வருகிறது, வாடை வெளியே கசியாது. கம்பிகளை இழுத்து வளைக்கும் அளவுக்குக் குழிந்தால் இன்னொரு திறப்பைத் திறந்துவிடுங்கள். பூச்சிக்காகக் கட்டிய நெருக்கமான வலையும் காற்றைத் தடுக்கும், அந்தக் குறையை ஈடுகட்டத் திறப்பைப் பெரிதாக்குங்கள்.

உள்ளே சுழலும் சிறு விசிறியின் வேலை வேறு. அது சூட்டை வெளியேற்றாது. ஒவ்வொரு இலையின்மேலும் அசையாத மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். இலை விட்ட நீராவி அதில் தேங்கும், இலைக்கு வேண்டிய கரியமில வாயு அதைத் தாண்டித்தான் வர வேண்டும். காற்று அசைந்தால் அந்தப் படலம் மெலியும். லெட்யூஸ் செடியின் உள்ளிலைகளின் நுனி கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். இளம் இலைக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது அது. கால்சியம் நீரோடுதான் ஏறுகிறது. குருத்துப் பகுதியில் காற்று அசையாவிட்டால் அங்கே நீர் ஆவியாவதும் குறைந்து, கால்சியமும் நின்றுவிடும். உரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் தீராத இந்தக் கருகல், மேலிருந்து மெல்லிய காற்று பட்டதும் குறைவது உண்டு. காற்று பட்டு ஆடும் நாற்றின் தண்டு தடிப்பதும் இதன் கூடுதல் பலன். விசிறியை ஒரே செடியின்மேல் குறிவைக்க வேண்டாம். இலைகள் லேசாக நடுங்கினால் போதும். படபடவென்று அடித்துக்கொண்டால் அது அதிகம்.

சூட்டோடு ஒட்டியே வரும் ஈரப்பதம்

ஈரப்பதத்தைத் தனிப் பாடமாக நினைப்பதால்தான் நிறையக் குழப்பம். ஈரமானியில் காணும் சதவீதம், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பது. தாங்கும் அளவு வெப்பநிலையோடு மாறும்: 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் தாங்கும், 25-ல் 23 கிராம், 30-ல் 30 கிராம்.

இதன் விளைவு விளக்கு அணைந்ததும் தெரியும். விளக்கு எரியும்போது 25 டிகிரி, 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் உள்ள நீராவி சுமார் 14 கிராம். விளக்கு அணைந்து 18 டிகிரிக்கு இறங்கினால், அந்த வெப்பநிலையில் காற்று தாங்குவதே 15 கிராம் சொச்சம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேராமலே மானி 90 சதவீதம் காட்டும். இன்னும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் இலைமேல் பனி படியும். சாம்பல் பூசணம் தேடுவது இந்த ஈரத்தைத்தான். பகலில் மட்டும் மானியைப் பார்ப்பவருக்கு நோய் எங்கிருந்து வந்தது என்றே புரியாது. விளக்கோடு சேர்த்து எக்ஸாஸ்டையும் டைமரில் அணைத்துவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். இருட்டு நேரத்திலும் அது குறைந்த வேகத்தில் ஓடட்டும். சுழல்விசிறியும் நிற்கக் கூடாது.

சதவீதத்தைவிடச் செடிக்கு நெருக்கமான அளவு ஒன்று உண்டு, விபிடி என்பார்கள். காற்று இன்னும் எவ்வளவு நீராவியை வாங்கிக்கொள்ள இடம் வைத்திருக்கிறது என்பதை நீராவியின் அழுத்தக் கணக்கில் சொல்வது, அலகு கிலோபாஸ்கல். அதே 60 சதவீதம் 20 டிகிரியில் சுமார் 0.9, 25-ல் சுமார் 1.3, 30-ல் 1.7. சதவீதம் மாறவே இல்லை, ஆனால் 30 டிகிரியில் காற்று இலையிலிருந்து இழுக்கும் நீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், வளர்ச்சி நிற்கும். நாற்றுகளுக்கு 0.4 முதல் 0.8, வளரும் செடிகளுக்கு 0.8 முதல் 1.2 என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. பூத்துக் காய்க்கும்போது இன்னும் கொஞ்சம் உயரலாம். தொடக்கத்தில் இந்த எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். சூடு கூடினால் ஈரப்பதமும் சற்றுக் கூட இருக்கலாம், குளிர்ந்தால் ஈரப்பதம் குறைய வேண்டும் என்ற அளவில் புரிந்தால் போதும்.

செடியே ஒரு குளிர்விப்பான் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 24.5 லட்சம் ஜூல் தேவை. 200 வாட் விளக்கு 3 மணி நேரத்துக்கும் மேல் எரிந்து தரும் சூடு அது. 16 மணி நேர வெளிச்சத்தில் கூடாரம் முழுக்க நிறைந்த செடிகள் 2 லிட்டர் நீரை ஆவியாக்கினால், விளக்குச் சூட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அவையே விழுங்கிவிடும். ஆனால் அந்தச் சூடு மறைந்துவிடவில்லை, நீராவிக்குள் இருக்கிறது. நீராவி வெளியேறினால்தான் சூடும் வெளியேறும். ஈரத்தைக் குறைக்கிறேன் என்று கூடாரத்துக்குள் டிஹியூமிடிஃபையர் வைத்தால், நீராவியைத் தண்ணீராக்கும்போது அது அத்தனை சூட்டையும் திருப்பிக் கொடுக்கும், தன் மோட்டாரின் சூட்டையும் சேர்த்து. வைத்தே ஆக வேண்டும் என்றால் வெளியே அறையில் வையுங்கள்.

தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பது வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். ஏற்கனவே 75, 80 சதவீதம் ஈரம் உள்ள காற்றில் ஆவியாகவே இடமில்லை. சூடும் குறையாது, பூஞ்சைக்கும் வழி விட்டதாகும்.

எதை, எங்கே அளப்பது

வெப்பமானியைச் செடியின் உச்சி உயரத்தில் தொங்கவிடுங்கள், விளக்கின் ஒளி நேரடியாக விழாதபடி ஒரு அட்டையால் மறைத்து. ஒளி பட்டால் மானி தானே சூடாகி, காற்றைவிடச் சில டிகிரி கூட்டிச் சொல்லும். இல்லாத சூட்டை விரட்டிக்கொண்டிருப்பீர்கள். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகை மானி கட்டாயம் என்றே சொல்வேன். நாம் பார்க்காத நேரத்தில் என்ன நடந்தது என்பதுதானே முக்கியம்?

லெட்யூஸ் போன்ற இலைச்செடிகளுக்கு 18 முதல் 24 டிகிரி இதம். தக்காளி, மிளகாய் போன்றவை பகலில் 22 முதல் 28 வரை சந்தோஷமாக இருக்கும், இருட்டு நேரத்தில் சில டிகிரி இறங்க வேண்டும். தக்காளியில் பகல் வெப்பம் 32-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சாகாமல் உதிரும்.

மண்ணில்லாமல் நீரில் வளர்ப்பவர்கள் தண்ணீரின் வெப்பத்தையும் தனியாகப் பாருங்கள். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 அளவுதான். ஆக்சிஜன் குறையும் அதே வெதுவெதுப்பில்தான் வேரழுகல் கிருமிகளும் பெருகும். தொட்டியைக் கூடாரத்துக்கு வெளியே, வெளிச்சம் புகாத மூடியோடு வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

செடி வைப்பதற்கு முன்பே ஒரு முழு நாள் விளக்கையும் விசிறிகளையும் ஓட்டிப் பாருங்கள். காலிக் கூடாரத்தில் கிடைக்கும் அதிகபட்ச எண்ணிலிருந்து, அதே நேரத்தில் நுழைவாயிலில் உள்ள வெப்பநிலையைக் கழியுங்கள். அந்த வித்தியாசம் சூத்திரத்தில் வந்ததைவிட மிக அதிகமாக இருந்தால், விசிறியைக் குறை சொல்வதற்கு முன் குழாயின் வளைவுகளையும் அடியில் உள்ள திறப்பையும் பாருங்கள். வித்தியாசம் சரியாக இருந்தும் எண் உயரமாக இருந்தால் கோளாறு அறையில்தான். வெப்பநிலைக்கு ஏற்ப விசிறி வேகத்தைத் தானே மாற்றும் தெர்மோஸ்டாட் கருவி இருந்தால் இந்தச் சோதனைக்குப் பிறகு பொருத்துங்கள். முன்பே பொருத்திவிட்டால் அது எதை மறைக்கிறது என்று தெரியாது. செடிகள் வளர்ந்து இலை நிறைந்ததும் ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். அப்போது சூடு முன்பைவிடக் குறைந்தும் ஈரப்பதம் கூடியும் இருக்கும், இருட்டு நேரத்து விசிறி வேகத்தை ஒரு படி கூட்ட வேண்டி வரும்.